தனித் தட்டும் பொது ஊசியும்: விளாத்திகுளம் முதல் மணப்பாடு வரை

எழுபத்தெட்டாம் வருஷம், சித்திரை மாதம். ஈஸ்டர் கழிந்து சில வாரங்களுக்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு விளாத்திகுளத்தில் பஸ் ஏறினேன். சட்டைப் பையில் மதுரை டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு இருந்தது. அதில் இருந்த நான்கு வரிகளில் மூன்று எனக்குப் புரியவில்லை. புரிந்த ஒரு வரியை நான் நம்பவில்லை. அந்தச் சீட்டோடு தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு என்று இரண்டு நாள் அலைந்ததைத்தான் எழுதப் போகிறேன். வழி, நேரம், கட்டணம் எல்லாம் வழக்கம்போல உண்டு. ஆனால் கட்டணம் அந்தக் காலத்துக் கட்டணம். அதை நம்பி இன்று கண்டக்டரிடம் இரண்டு ரூபாயை நீட்டி வசவு வாங்கினால் நான் பொறுப்பில்லை.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மாதத் தொடக்கத்தில் என் அக்காவுக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தது. ரத்தம் தேவைப்பட்டது, நான் கையை நீட்டினேன். ரத்தத்தில் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. எல்லோருக்கும் செய்ய மாட்டார்கள். ஒரு டாக்டர் ஆராய்ச்சிக்காகச் செய்துகொண்டிருந்தார். என் நேரம், அன்றைக்கு அவர் இருந்தார். இரண்டு நாள் கழித்து, அந்த ரத்தத்தை அக்காவுக்கு ஏற்றும் முன்பே கூப்பிட்டு, "உன் ரத்தத்தில் காமாலைக் கிருமி இருக்கிறது. இனி யாருக்கும் ரத்தம் கொடுக்காதே" என்றார். எனக்குக் காமாலை வந்ததே கிடையாது. "வராமலும் இருக்கும்" என்றார். "வராதது எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் பொறுமைசாலி. காமாலையில் இரண்டு வகை என்றார். ஒன்று கெட்ட தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது. சில வாரங்களில் வந்த வழியே போய்விடும். இன்னொன்று ரத்தத்தோடு ரத்தம் கலந்தால் வருவது. சிலரிடம் சத்தம் காட்டாமல் வருஷக்கணக்கில் தங்கிவிடும். என்னுடையது இரண்டாவது. "தொடுவதாலும் சேர்ந்து சாப்பிடுவதாலும் இது பரவாது" என்று சொல்லி அதையே சீட்டிலும் எழுதினார். நான் நம்பாத வரி அதுதான். ஊருக்குத் திரும்பியதும் பல்வலி என்று பொய் சொல்லித் தனித் தட்டில் கஞ்சி குடித்தேன். அக்கா மகள் ஓடி வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கடைசியாக டாக்டர் கேட்ட கேள்வி காதிலேயே நின்றது: "யாரோடாவது ஒரே ஊசியில் மருந்து போட்டுக்கொண்டாயா?"

போட்டுக்கொண்டேன். அதுவும் ஆசையாகப் போட்டுக்கொண்டேன். அந்த வருஷம் மாசி பாதிவரை தூத்துக்குடியில் சங்குக் கிடங்கில் தற்காலிக கிளார்க்காக இருந்தேன். சங்கு குளிப்பவர்கள் மூழ்கிக் கடலடியிலிருந்து அள்ளிவரும் சங்கை வளையத்தில் விட்டு அளப்பது என் வேலை. வளையத்துக்குள் நுழைந்துவிடும் சிறுசு கடலுக்குத் திரும்பிப் போகும், நுழையாத பெருசு கிடங்குக்குப் போகும். தொம்மை அண்ணாச்சியின் வள்ளத்தில் ஆறு பேர். அவர்களில் சவரிமுத்து என்று ஒருவர். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனால் மேலே நிற்பவர்களுக்கு மூச்சு முட்டும், அவ்வளவு நேரம் இருப்பார். தை மாதத்தில் அவருக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம், மந்திரிப்பு எல்லாம் நடந்தது. கம்பவுண்டர் ஒருவர், தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்கச் சொல்லிவிட்டு, வாரம் ஒரு சத்து ஊசி போட்டார். நான்கு சனிக்கிழமை அந்த ஊசி போட்டார். அந்த நான்கு சனிக்கிழமையும் வள்ளத்துக்காரர்கள் எல்லோரும் அதே மருந்தை, அதே ஊசியில் போட்டுக்கொண்டார்கள். "கிளார்க்கு தம்பியும் நம்ம ஆளுதான்" என்று என் கையையும் பிடித்தார்கள். மறுநாள் எல்லோருக்கும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. நோய் இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டோம். அது சத்து மருந்தின் சாயம் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

ஆக, யாரிடமிருந்து யாருக்கு? விளாத்திகுளத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கட்டணம் இரண்டு ரூபாய் நாற்பது காசு. குளத்தூர் தாண்டி வேப்பலோடை உப்பளம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே நான் எதையும் பார்க்கவில்லை. நோட்டில் ஏழு பேரையும் வரிசையாக எழுதி அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் சவரி, அடுத்து தொம்மை அண்ணாச்சி, பிறகு நான்கு பேர், கடைசியில் நான். சவரியிடமிருந்து வந்தது என்றால் நடுவில் இருக்கும் ஐந்து பேருக்கும் ஆபத்து. சின்ன வயதிலிருந்தே என்னிடம் இருந்தது என்றால், நான் கடைசி ஆள் என்பதால் ஒருவருக்கும் ஆபத்தில்லை. அப்படியென்றால் நான்தான் பழைய நோயாளியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு மனிதன் பஸ்ஸில் உட்கார்ந்து இப்படியெல்லாம் வேண்டிக்கொள்வானா என்று அப்போதே எனக்குக் குழப்பமாக இருந்தது.

எட்டு மணிக்குத் தூத்துக்குடி. சங்கு குளிக்கப் போன வள்ளங்கள் பகல் இரண்டு மணிக்குத்தான் கரைக்கு வரும் என்பதால் ஆறு மணி நேரம் சும்மா இருந்தேன். ஓட்டலில் இலையில் சாப்பிட்டேன். தண்ணீர் தம்ளரை வாயில் படாமல் தூக்கி ஊற்றிக் குடித்ததில் பாதி சட்டையில் போயிற்று. பழைய துறைமுகத்துப் பக்கம் நடந்தால் கடற்காற்றோடு சங்குக் கிடங்கின் வாடை வரும். சதை அழுகிப் போகும்வரை சங்கைக் குவித்து வைத்திருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அன்றைக்கு அது சொந்த வீட்டு வாடை மாதிரி ஆறுதலாக இருந்தது.

இரண்டே காலுக்கு வள்ளம் வந்தது. தொம்மை அண்ணாச்சி இடுப்புத் துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, இங்கன பாருங்கடே! கிளார்க்கு தம்பி வாரான். சங்கு நாத்தம் இல்லாம தூக்கம் வரலையோ?"

வள்ளத்தில் இப்போது ஐந்து பேர்தான். சவரி மாசிக் கடைசியிலேயே மணப்பாட்டில் மனைவி வீட்டுக்குப் போய்விட்டார் என்றும், அங்கே குழந்தை பிறந்துவிட்டது என்றும் சொன்னார்கள். படகு மறைவில் எல்லோரும் உட்கார்ந்தோம். கஞ்சிச் சட்டியை நடுவில் வைத்து என் பக்கமாகவும் தள்ளினார்கள். நான் கை வைக்கவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். எனக்கு இருக்கிறது என்பதைக் கடைசியாகச் சொன்னேன். ஒருவர் கூட விலகி உட்காரவில்லை, அதை இன்றுவரை மறக்கவில்லை. ஆனால் ஒருவருக்கும் புரியவும் இல்லை.

"தட்டுல தொத்தாது, ஊசியில தொத்தும்ங்குத. அப்ப நாங்க செஞ்சது எல்லாமே தலகீழாவுல்லா இருக்கு?" என்றார் தொம்மை அண்ணாச்சி.

"ஊசி எதுக்கு அண்ணாச்சி போட்டீங்க? உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே?"

அவர் கஞ்சிச் சட்டியைக் காட்டினார். "ஒரே சட்டியில தின்னுட்டு இருந்தவன, அங்கன தள்ளி உக்காருலேன்னு சொல்லிட்டோம். அவன் மொகத்தப் பாக்க முடியல தம்பி. தட்டுலதான் சேக்க முடியல, ஊசியிலயாவது சேத்துக்கிடுவோம்னுதான் போட்டோம்."

பேச்சை மாற்ற நோட்டை எடுத்து என் அம்புக்குறிகளைக் காட்டினேன். ஆபத்து யாருக்கு, எதுவரை என்று கிளார்க்குத்தனமாக விளக்கினேன். அவர் பாதியிலேயே கையமர்த்தினார்.

"இது மொதச் சனிக்கெழம. அடுத்த சனிக்கெழம நீதான மொதல்ல நின்ன? குளிக்கதுக்கு மொற மாத்துத மாதிரி ஊசிக்கும் மொற மாத்துனோம்லா. கடைசி ஆளுக்கு ஊசி மழுங்கிப் போவும். ஒருத்தனே எப்பவும் மழுங்குன குத்து வாங்குனா நியாயமா?"

ஆமாம். நான் மறந்தே போய்விட்டேன். நியாயத்துக்காக வாரா வாரம் வரிசையை மாற்றினார்கள். என் அம்புகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"அப்ப எவன் எவனுக்குக் குடுத்தான்?"

"தெரியாது அண்ணாச்சி."

"ஆறு பேத்துக்கும் இருக்குமோ?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"இதச் சொல்லவா அம்பது கிலோமீட்டர் வந்த?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அவர் அதைச் சொன்னார்: "அது சரி. எல்லாத்துக்கும் இருக்கலாம்னா, சவரிக்கு மட்டும் என்னத்துக்குலே தனித் தட்டு?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணிக்கு மணப்பாட்டில் சவரியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றும், தொம்மை அண்ணாச்சிதான் ஞானத்தகப்பன் என்றும் அப்போது தெரிந்தது. பிறந்து நாற்பத்திரண்டு நாளாகியும் சவரி அந்தக் குழந்தையைத் தொடவில்லையாம். ஞானஸ்நானத்தன்றும் கோவிலுக்கு வெளியேதான் நிற்கப் போகிறாராம். அவருக்குப் பதில் தொம்மை அண்ணாச்சி தூக்கிக்கொள்வதாக ஏற்பாடு. "நீயும் வா. அந்தச் சீட்டக் கொண்டு வா" என்றார்.

கிளம்புவதற்கு முன் கம்பவுண்டரைப் பார்க்கப் போனோம். சண்டை போடத்தான் போனோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டை மூன்று தடவை படித்தார். "ஸ்பிரிட்டு வச்சுத் தொடச்சேன். வெந்நியிலயும் முக்கி எடுத்தேன்" என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "முக்கி எடுத்தேம்னா முக்கி எடுத்தேந்தான்" என்றார் எரிச்சலாக. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையைச் சுருட்டித் தன் புஜத்தைத் தடவிக்கொண்டு, "சீசாவுல மிஞ்சுனத வீணாக்க மனசு வராம, கடைசியில நாந்தான போட்டுக்கிட்டேன்" என்றார். சண்டை போட ஒன்றுமில்லாமல் போயிற்று. நோட்டில் எட்டாவது பெயரை எழுதிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குத் திருச்செந்தூர் பஸ். தூரம் நாற்பது கிலோமீட்டர், கட்டணம் ஒரு ரூபாய் தொண்ணூறு காசு. ஏழு மணிக்கு முன்பே இறக்கிவிட்டான். குழந்தையின் அம்மாவுக்குக் கொடுக்க வாங்கிய மக்ரூன் இனிப்புப் பொட்டலம் பாதி தூளாகியிருந்தது. திருச்செந்தூரில் இறங்கிவிட்டு முருகனைப் பார்க்காமல் போவது எனக்கு மனசு கேட்கவில்லை. கூட வந்த ஆறு பேரும் வெளியே காத்திருந்தார்கள். ஆறாவது ஆள் கம்பவுண்டர், கூப்பிடாமலே வந்துவிட்டார். சந்நிதியில் என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. நேற்று வேண்டியது கணக்குத் தப்பிப் போனதால், "நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மணப்பாட்டுக்கு அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர். எண்பத்தைந்து காசு. குலசேகரப்பட்டினம் வழியாக ஐம்பது நிமிஷம் ஆனது. பனைமரம் பனைமரமாகப் போய், திடீரென்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மணற்குன்று, அதன் உச்சியில் வெள்ளையாகச் சிலுவைக் கோவில். நல்ல வெயில். இந்த ஊரைப் பார்க்க வருகிறவர்கள் ஒன்பது மணிக்கு முன் குன்றில் ஏறிவிடுங்கள். அதற்குமேல் மணல் காலைப் பொசுக்கிவிடும். எங்களுக்கு அன்று ஏற நேரமில்லை.

சவரி மாமியார் வீட்டுக்குப் பின்னால் வலை வைக்கும் கொட்டகையில் இருந்தார். ஒரு பாய், ஒரு பானை, ஒரு எனாமல் தட்டு. மற்றத் தட்டுகளோடு கலந்துவிடக் கூடாது என்று அந்தத் தட்டின் விளிம்பில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தார்கள். ஆள் நன்றாகத் தேறியிருந்தார். கண் என் கண்ணைவிட வெள்ளை. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் கையை முன்னால் நீட்டித் தடுத்துவிட்டார்.

"அங்கனயே நில்லுங்க அண்ணாச்சி. கிட்ட வராதீங்க."

நான் எதிர்பார்த்தது வேறு. அவரை வீட்டார் கொடுமை செய்கிறார்கள் என்றும், நாங்கள் போய் நியாயம் கேட்கப் போகிறோம் என்றும் நினைத்திருந்தேன். அவர் மனைவி லூர்து குழந்தையோடு வாசலுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. "நான் எத்தன தடவ நீட்டிட்டேன். வாங்க மாட்டேங்காவ. பிள்ளைய எட்டக் கொண்டு போ, கொண்டு போன்னே சொல்லுதாவ. வீட்டுல எல்லாரும் மறந்தாலும் இவிய மறக்க மாட்டேங்காவ."

தட்டில் ஓட்டை போட்டதும் சவரிதானாம்.

தொம்மை அண்ணாச்சி விறுவிறுவென்று போய் அந்தத் தட்டில் இருந்த மிச்சக் கஞ்சியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். சவரி பதறி எழுந்துவிட்டார். "எனக்கும் இருக்கலாமாம்லே. எல்லாத்துக்கும் இருக்கலாமாம். கிளார்க்குத் தம்பிக்கு இருக்கே இருக்காம். கம்பவுண்டரு வரைக்கும் போயிட்டு. இனி ஒனக்கு என்னத்துக்குலே தனித் தட்டு?" அந்த வேகத்தில் அவர் சொன்ன நியாயம் சவரிக்கு ஏறவில்லை. "அப்ப நீங்களும் பிள்ளையத் தொடாதீங்க அண்ணாச்சி" என்றார். ஞானத்தகப்பன் தூக்குவதும் போயிற்று. காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது.

லூர்துதான் போய் ஊர்க் கோவிலையொட்டிய சின்ன மருந்தகத்திலிருந்து கன்னியாஸ்திரி சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வெயிலில் வந்த கோபம் முகத்தில் இருந்தது. என் சீட்டைப் படித்தார். சவரியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், பசி எப்படி என்று கேட்டார்.

"சிஸ்டர், எனக்கு வந்தது எந்த வக? தண்ணியிலயா, ரத்தத்துலயா?" என்று கேட்டார் சவரி.

"எனக்குத் தெரியாது" என்றார் சிஸ்டர். அவர் பேசிக்கொண்டே போனார். "அந்தச் சோதனை இங்கே இல்லை. ஆனா ஒண்ணு கேளு. தண்ணி வகைன்னா உனக்கு மூணு மாசம் ஆச்சு, எப்பவோ போயிருக்கும். ரத்த வகைன்னா பிள்ளையத் தூக்குனா தொத்தாது. ரெண்டுல எதுவா இருந்தாலும் நீ பிள்ளையத் தூக்கலாம். எதுன்னு தெரியணும்னு ஒரு கட்டாயமும் இல்ல."

நான் இரண்டு நாளாக நோட்டுப் போட்டுக் குழம்பியதை அவர் நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டார். குழப்பம் தீரவில்லைதான். ஆனால் குழப்பத்தோடேயே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சவரி நம்பினாரா என்று முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

"கையக் காட்டு" என்றார் சிஸ்டர். வலது உள்ளங்கையில் வலையில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்த பச்சைக் காயம். "இதுலதான் கவனம் வேணும். ரத்தம் படக்கூடாது. சவரக் கத்தி உனக்குன்னு தனியா வச்சிக்கோ. ஊசி யாருக்கும் பொதுவா கூடாது. இந்தக் காயத்தக் கட்டிக்கிட்டுத் தூக்கு." பிறகு லூர்துவைத் தனியாகக் கூட்டிப் போய்ப் புருஷன் பெண்டாட்டி சங்கதி ஏதோ பேசினார். நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மதியம் குசினியில் சாளை மீன் குழம்பு கொதித்தது. பரிமாறும்போது சவரி பழக்கத்தில் ஓட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார். ஐந்து வள்ளத்துக்காரர்களும் தங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போய்க் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். கம்பவுண்டரும் போனார். நான் திண்டாடினேன். பிறகு நானும் போய் உட்கார்ந்து, நடுவில் இருந்த சட்டியில் கை வைத்தேன். பதினைந்து நாளில் பிறரோடு ஒரே சட்டியில் நான் தின்ற முதல் சோறு அது. அழுகை வந்தது, குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நாலு மணிக்குக் கோவில் மணி அடித்தது. வாசலில் சவரி ஒதுங்கி நின்றார். உள்ளங்கையில் லேஞ்சித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார். தொம்மை அண்ணாச்சி குழந்தையை வாங்கிக்கொண்டு படி வரை போனவர் திரும்பினார்.

"எனக்கு முழங்காலு வலிக்கிடே. படியேற முடியல. நீ தூக்கிட்டு வா, நான் பின்னால வாரேன்."

முதல் நாள் வள்ளத்திலிருந்து குதித்து இறங்கிய முழங்கால் அது. சவரி இரண்டு கையையும் நீட்டினார்.

"ஏளா, தலையப் பிடிக்கவா, காலப் பிடிக்கவா?" என்று மனைவியைக் கேட்டார்.

"ரெண்டையும் பிடிங்க. உங்க பிள்ளதான?" என்றாள் லூர்து.

நான் வெளியே எல்லோருடைய செருப்புக்கும் காவலாக நின்றேன். உள்ளே தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை கத்திய கத்தல் வாசல் வரை கேட்டது. அதற்குமேல் சத்தமாக ஒரு ஆண் அழுததும் கேட்டது. அது யார் என்று நான் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞானஸ்நானம் முடிந்ததும் சிஸ்டர் யாரையும் கலைய விடவில்லை. வந்திருந்த பெண்களையும் சேர்த்து உட்காரவைத்து, ஊசியையும் சிரிஞ்சையும் கொதிக்கக் கொதிக்க இருபது நிமிஷம் அவிக்க வேண்டும், ஆளுக்கு ஒரு ஊசி வேண்டும் என்று சொன்னார். கம்பவுண்டரை எழுப்பித் திருப்பிச் சொல்லவைத்தார். யாரிடமும் கடிகாரம் இல்லை. "இருவது நிமிசம்னா எம்புட்டு?" என்று ஒரு பெண் கேட்டாள். சிஸ்டர் யோசித்தார். "தண்ணி கொதிச்ச பிறகு ஒரு ஜெபமாலை முழுசா சொல்லு. அவசரப்படாம சொல்லு" என்றார். பிற்பாடு நான் தூத்துக்குடி போனபோது, கம்பவுண்டர் வீட்டு அடுப்பில் பாத்திரம் கொதிக்க, அவர் உதட்டில் ஜெபமாலையின் 'அருள் நிறைந்த மரியே' ஓடிக்கொண்டிருந்தது. வள்ளத்துக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு ஊசி, பெயர் எழுதிய டப்பாவில் இருந்தது. கம்பவுண்டர் இந்து என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதங்களில் ஒவ்வொருவராக மதுரைக்கு வந்து அந்த டாக்டரிடம் ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வந்தபோது குழப்பம் இன்னும் கூடியது. இரண்டு மாதம் கொட்டகையில் கிடந்த சவரியின் ரத்தத்தில் ஒன்றுமே இல்லை. கம்பவுண்டருக்கும் மற்ற நான்கு பேருக்கும் இல்லை. எனக்கு இருந்தது, தொம்மை அண்ணாச்சிக்கும் இருந்தது. காமாலையாக வெடித்து வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பே அதைத் துரத்திவிடும், சத்தமில்லாமல் உள்ளே நுழைவதுதான் தங்கிவிடும் என்றார் டாக்டர். "மஞ்சளானவனுக்கு இல்ல, மஞ்சளாவாதவனுக்கு இருக்கு. இது என்ன நியாயம் தம்பி?" என்று தொம்மை அண்ணாச்சி கேட்டார். நான் அவருக்குக் கொடுத்தேனா, அவர் எனக்குக் கொடுத்தாரா, சவரி இருவருக்கும் கொடுத்துவிட்டுத் தான் தப்பித்தாரா? இன்றுவரை தெரியாது. ஊருக்குத் திரும்பிய அன்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். பல வருஷம் கழித்து தொம்மை அண்ணாச்சி ஈரல் கெட்டு, வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தார். கடைசி வரை அவர் வீட்டில் அவருக்குத் தனித் தட்டு கிடையாது. அதைச் சவரி பார்த்துக்கொண்டார்.

இப்போது போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திருச்செந்தூரிலிருந்து மணப்பாட்டுக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. குன்றின்மேல் மாலையில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். தொப்பி போடாதீர்கள், கடலுக்குத்தான் போகும். உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், எங்கள் காலத்தில் இல்லாத தடுப்பூசி இப்போது இருக்கிறது. பிறந்த அன்றே போட்டுவிடுங்கள். உங்கள் ரத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் இன்று மருந்து உண்டு, அதைத்தான் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சவரியை இன்னும் மணப்பாட்டில் பார்க்கலாம், அந்த ஓட்டைத் தட்டில் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருப்பார். அங்கே யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், அவருக்கு என்ன நோய் என்று விசாரிக்காமல் உட்காருங்கள். யாராவது ஊசி போடக் கையை நீட்டச் சொன்னால், அவர் எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும், புது உறையைக் கிழிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு நீட்டுங்கள். தொம்மை அண்ணாச்சி பிரியத்தில்தான் கையை நீட்டினார்.